காலை ஐந்து நாற்பது

1

பிப்ரவரி நான்காம் தேதி, காலை பத்து மணி நாற்பது நிமிடம்.

நடந்தது அந்த நேரத்தில்தான். ரோஜாப் பண்ணையில் பூக் கட்டும் கூடத்துச் சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் எழுத்தில் இருப்பது வேறு. விபத்துப் படிவத்தின் மூன்றாவது கட்டத்தில், நீல மையில், நேரம்: "காலை 5.40." நான்காவது கட்டத்தில் இடம்: "வீடு." ஐந்தாவது கட்டத்தில் விவரம்: "சுக்குமா கீரை நறுக்கும்போது கத்தி வழுக்கியது."

இந்தக் கதை எனக்கு அந்தப் படிவத்திலிருந்து கிடைத்தது. வேறு எங்கிருந்தாவது கிடைத்ததாகச் சொல்ல ஆசைதான். ஏரிக்கரையில் நடக்கும்போது தோன்றியது என்று சொல்லலாம். ஒரு பெண் அழுவதைக் கேட்டேன் என்று சொல்லலாம். அவள் அழவில்லை.

மூன்று கட்டங்களையும் சேர்த்தால் பத்துச் சொற்கள் தேறாது. நல்ல எழுத்து. நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, கீரைக்குப் பெயர் இருக்கிறது. படிப்பவர் நம்புவார்.

நம்பினார்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

நைவாஷா ஏரியின் மேல் பனி விலகும் முன்பே நலியாகா —

(விட்டுவிட்டேன். கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. ஏரியை அவள் பார்க்கவில்லை.)

இரண்டாம் முயற்சி:

அவளுடைய கட்டைவிரல், ரோஜாவின் —

(அடித்துவிட்டேன். இந்தக் கதையில் ரோஜாவோடு எதையும் ஒப்பிடுவதில்லை என்று வாக்குக் கொடுக்கிறேன். கழுத்து வளைந்த பூவைக் கழிவுத் தொட்டியில் போடுவார்கள் என்பது உண்மை. அதை வைத்து எதுவும் செய்யப் போவதில்லை.)

மூன்றாம் முயற்சி:

நலியாகா தண்டு வெட்டும் எந்திரத்தில் நின்றாள். இருபது ரோஜா ஒரு கட்டு. அட்டையில் சுற்றிய கட்டு இடது பக்கமிருந்து வரும். இரண்டு கையாலும் இறுகப் பிடித்து வட்டக் கத்திக்குள் தள்ளினால் தண்டுகள் ஒரே நீளத்துக்கு வெட்டுப்படும். பிறகு கட்டை வலது பக்கம் வைக்க வேண்டும். ஆறு வருடமாக இதைச் செய்தாள். வயது முப்பத்தொன்று. மகன் பராக்காவுக்கு எட்டு. கூடத்தில் அவளைப் பராக்காம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

(இப்படியே போகிறேன்.)

கத்திக்கு முன்னால் ஒரு மறைப்புத் தகடு உண்டு. தகடு இருந்தால் மணிக்கு முப்பத்தைந்து கட்டு. இல்லாவிட்டால் நாற்பத்தைந்து. காதலர் தினம் நெருங்கியது. ஜனவரி கடைசியில் மேற்பார்வையாளர் கரியூகி தகடுகளைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

பத்து நாற்பதுக்கு ஒரு கட்டு ஈரமாக வந்தது. அட்டை நழுவியது. வலது கட்டைவிரலின் உள்பக்கம் கத்தியில் பட்டது.

அவள் சத்தம் போடவில்லை. பக்கத்து மேசையில் பூ எண்ணிக்கொண்டிருந்த கெமுந்தோதான் முதலில் பார்த்தாள்.

"ஏய் பராக்காம்மா, வெள்ளைப் பூவுல ரத்தம் விழுதுடி."

"யாரோட ரத்தம்?"

"உன்னோடதுதான். கைய எடு. கைய எடுடி."

கெமுந்தோ தன் தலைத்துணியை அவிழ்த்து விரலைச் சுற்றினாள். ரத்தம் பட்ட மூன்று கட்டுகளைக் கழிவுத் தொட்டியில் போட்டாள். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் வாசலைப் பார்த்தார்கள். வாசலுக்கு வெளியே பலகை இருந்தது.

3

விபத்தில்லா நாட்கள்: 287.

பலகையில் இருந்தது அது. தினமும் காலையில் காவலாளி எண்ணை மாற்றுவார். முந்நூறு நாள் ஆனால் ஆளுக்கு ஒரு போர்வை, இரண்டு கிலோ சர்க்கரை. கூடத்துக்கு மூன்று ஆடு. நடுவில் யாருக்காவது அடிபட்டால் எண் சைபருக்குப் போகும்.

போன முறை 261-இல் போனது. ஒபுயா என்கிற ஆள். குளிர் அறையில் தள்ளுவண்டி அவன் காலில் ஏறியது. மறுநாளிலிருந்து அவன் பெயர் சைபர்.

"சைபர் வர்றான், சோத்த மூடுங்க."

"சைபர், உன் பொண்டாட்டி போர்வை இல்லாம எப்படிடா தூங்குறா? எங்க வீட்டுக்கு வேணா அனுப்பு."

சாப்பாட்டு நேரத்தில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். நொண்டிக்கொண்டே நான்கு மாதம் வந்தான். பிறகு வரவில்லை. அவனை நிர்வாகம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

* பலகை எங்கள் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது. அதை யோசித்தவர் நல்லவராக இருக்கலாம். அந்தச் சாத்தியத்தை நான் மறுக்கவில்லை.

அலுவலக அறையில் ஓர் எழுத்தர் இருந்தார். அவருக்குப் பெயர் வேண்டும். முசியோக்கா என்று வைக்கிறேன். ஐம்பது வயது, துவைத்த சட்டை, நல்ல கையெழுத்து. கரியூகி நலியாகாவை அவர் முன்னால் உட்காரவைத்தார்.

"ரொம்ப ஆழமா, பராக்காம்மா?"

"தெரியல. விரல் மடங்க மாட்டேங்குது."

"வலி இருக்கும்போது மடங்காது. போகப் போகச் சரியாயிடும்." கரியூகி மேசையில் இருந்த படிவத்தைப் பார்த்தார். "பதிமூணு நாள்தான் பாக்கி."

அவர் சொன்னது அவ்வளவுதான். யாரும் அவளை மிரட்டவில்லை. இதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்.

கதவருகே கெமுந்தோ நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர். வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. காத்திருந்தார்கள்.

"வீட்லன்னு எழுதுங்க," என்றாள் நலியாகா.

"நல்லா யோசிச்சுச் சொல்றியா?" கரியூகி கேட்டார். கேட்டுக்கொண்டே பேனாவின் மூடியைக் கழற்றி முசியோக்காவிடம் நீட்டினார்.

"என்னைய எவளாவது சைபர்னு கூப்பிட்டா அவ விரலையும் சேத்து வெட்டுவேன். எழுதுங்க."

கதவருகே சிரித்தார்கள். "எங்க பராக்காம்மா சிங்கம்டி," என்றாள் கெமுந்தோ. அவள் கண் கலங்கியிருந்தது.

எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். முசியோக்கா எழுதினார். நலியாகா படிக்காமல் இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

* ஏழு மணிக்கு வேலைக்கு வந்தவள் பத்து நாற்பது வரை அடிபட்ட கையோடு நூற்றைம்பது கட்டு வெட்டினாளா என்று நீங்கள் கேட்கலாம். அன்றன்றைய எண்ணிக்கைச் சீட்டுகள் சனிக்கிழமை குப்பைக்குப் போய்விடும். அதனால் யாரும் கேட்கவில்லை.

மதியம் கரியூகி தகட்டைத் திரும்ப மாட்டினார். நான்கு திருகாணி. அவரே முடுக்கினார்.

4

பிப்ரவரி பதினேழு. மூன்று ஆடு வெட்டினார்கள்.

நலியாகா விடுப்பில் இருந்தாள். விருந்துக்கு மட்டும் வந்தாள். மருத்துவமனையில் விரலைத் திறந்து தைத்திருந்தார்கள். முழங்கை வரை கட்டு. எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சுட்ட விலாவில் நல்ல துண்டாகப் பார்த்துக் கெமுந்தோ அவள் தட்டில் வைத்தாள்.

"இடது கையால திங்கிறா பாரு. வளர்ப்பு அப்படி."

"வலது கைய ஆட்டுக்குக் குடுத்துட்டேன்க்கா."

மேசை முழுக்கச் சிரித்தது. (இந்த வாக்கியம் என்னுடையது இல்லை. அவள் சொன்னது. நான் உருவாக்கியிருந்தால் அடித்திருப்பேன்.)

போர்வை கறுப்பும் சிவப்புமாகக் கட்டம் போட்டது. கனமானது. எழுத்தருக்கும் ஒன்று கிடைத்தது.

5

மார்ச் மாதம் கட்டு பிரித்தார்கள். விரல் மடங்கவில்லை. அதை மடக்குகிற தசைநாண் அறுந்து, தைத்தும் ஒட்டவில்லை. மருத்துவர் ஒரு கடிதம் கொடுத்தார். இறுகப் பிடிக்கும் வேலையும் எடை தூக்கும் வேலையும் கூடாது. பிடி தேவைப்படாத வேலை எதுவும் செய்யலாம். மருத்துவரின் கையெழுத்து மோசம். ஆனால் எழுதியது உண்மை.

நலியாகா கடிதத்தை மனிதவளப் பிரிவுக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்த பெண் அதை இரண்டு முறை படித்தார்.

"மருத்துவர் சொல்றது நியாயம்தான்மா. வேலைல அடிபட்டவங்களுக்கு முடிஞ்ச வேலைய மாத்திக் குடுக்கணும்னு விதி இருக்கு."

"அதத்தான் கேக்க வந்தேன். பசுமைக்குடில்ல நோய் பாக்க ஆள் இல்லையாமே. பாத்தி நடுவுல நடந்து, எந்த இலைல பூச்சி இருக்குன்னு சொல்றதுதானே. என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல."

"விதி வேலைல அடிபட்டவங்களுக்கு." அவர் கோப்பைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "உங்களுக்கு வீட்லதானே அடிபட்டிருக்கு."

நலியாகா சிரித்தாள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இந்த அம்மாவுக்கும் தெரியும் என்று நினைத்தாள்.

"அது போர்வைக்காக எழுதினது."

"எந்தப் போர்வை?"

அவர் கேட்டதில் கிண்டல் இல்லை. அவர் மார்ச் முதல் தேதிதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

(இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். உரிமை, கடமை, நியாயமான மாற்று ஏற்பாடு என்றெல்லாம் வந்தது. அடித்துவிட்டேன். அவள் விஷயத்தில் அத்தனையும் ஒரு கட்டத்தில் போய் நின்றன. நான்காவது கட்டம். இடம்.)

ஏப்ரலில் அவளைத் தண்டு வெட்டும் எந்திரத்துக்கே அனுப்பினார்கள். இடது கையாலும் வலது மணிக்கட்டாலும் அணைத்துத் தள்ளினாள். மணிக்குப் பத்தொன்பது கட்டு வந்தது. முப்பத்தைந்து வர வேண்டும். ஏப்ரல் கடைசியில் முதல் எச்சரிக்கைக் கடிதம். மே மாதம் இரண்டாவது. ஜூன் எட்டாம் தேதி மூன்றாவது. மூன்றாவதுக்குப் பிறகு கடிதம் வராது. மாதக் கடைசியில் நீக்கிவிடுவார்கள்.

கடிதங்களைக் கொடுக்கும்போது கரியூகி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருமுறை மட்டும் சொன்னார். "கைய அப்பப்ப வெந்நீர்ல வை, பராக்காம்மா."

"வெந்நீர்ல வெச்சா பதினாறு கட்டு கூட வருமா?"

அவர் போய்விட்டார்.

அவள் ஊருக்குள் போய்த் தொழில் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அங்கே சேபெட் என்ற பெண் அதிகாரி பண்ணையிடமிருந்து படிவத்தின் நகலை வரவழைத்தார். விசாரணைக்கு ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்.

"பேப்பர் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க," என்றார் அவர். "நான் பேப்பரத்தான் நம்பணும். இல்லேன்னா, அன்னைக்கு அங்க இருந்தவங்க ஒருத்தர் வந்து சொல்லட்டும். ஒருத்தர் போதும்."

6

கெமுந்தோவை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் அவளைக் கோழையாக எழுதினேன். சரியாக வரவில்லை. ரத்தத்தைப் பார்த்தவுடன் தன் தலைத்துணியை அவிழ்த்தவள் அவள். பிறகு துரோகியாக எழுதினேன். அது இன்னும் மோசம். நலியாகா திரும்ப வேலைக்கு வந்த நாளிலிருந்து அவளுடைய பையைப் பண்ணையிலிருந்து அவள் வீட்டு வாசல் வரை சுமப்பவள் கெமுந்தோ. நாளுக்கு ஒருமுறை, ஒரு நாள் விடாமல்.

அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வேலை முடிந்து பண்ணைப் பேருந்துக்காக வரிசையில் நின்றார்கள்.

"அக்கா, வியாழக்கிழமை அரை நாள். பாத்தத சொன்னா போதும்."

"நான் என்னத்தப் பாத்தேன்?"

"ரத்தத்தப் பாத்தியே. உன் துணில சுத்துனியே."

"அந்தத் துணில கறை இன்னும் போகலடி. நல்ல துணி."

"அக்கா."

கெமுந்தோ முன்னால் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்தாள்.

"கேளு. நான் போய்ச் சொல்றேன்னே வை. அப்ப முன்னூறும் பொய். இன்னைக்குப் பலகைல இருக்கிறதும் பொய். தொண்ணூத்திநாலு பொம்பளைங்க பொய் சொல்லி ஆடு தின்னாங்கன்னு ஆகும். ஐந்நூறாவது நாளுக்குத் தகரம் தர்றாங்களாம், கூரைக்கு. எங்க வீட்டுக் கூரைய நீ பாத்திருக்க. இவளுங்க என்னைய நாளைக்கு என்னன்னு கூப்பிடுவாங்க?"

"சரி. என்னைய என்னன்னு கூப்பிடுவாங்க?"

"உன்ன ஒண்ணும் கூப்பிட மாட்டாங்கடி. நீதான் இங்க இருக்க மாட்டியே."

சொல்லிவிட்டுக் கெமுந்தோ வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசை நகர்ந்தது. பேருந்தில் ஏறும்போது வழக்கம்போல நலியாகாவின் பையைக் கெமுந்தோ வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டு வாசல் வரை சுமந்தாள். வழியில் இருவரும் தக்காளி விலையைப் பற்றிப் பேசினார்கள்.

7

முசியோக்கா என்று யாரும் இல்லை.

இதை மூன்றாவது பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். கறுப்புச் சிவப்புப் போர்வை என் கட்டிலில் கிடக்கிறது. பண்ணையில் பதிவேடுகள் எழுதுபவன் நான். ஓசூரில் ஒரு ரோஜாப் பண்ணையில் இதே வேலையைச் செய்தேன். இங்கே வந்து பதினான்கு வருடம். துவைத்த சட்டையும் நல்ல கையெழுத்தும் உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "வீட்லன்னு எழுதுங்க" என்றுதான் அவள் சொன்னாள். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. மீதி என்னுடையது.

வெறும் "வீடு" என்று எழுதியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். எப்படி, எப்போது, எதனால். கேள்வி வராமல் இருக்க ஒரு வழி உண்டு. நுணுக்கமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். எழுதிப் பழகியவர்களுக்கு இது தெரியும். கத்தியைச் சேர்த்தேன். கீரையைச் சேர்த்தேன். வெறும் கீரை என்றால் போதாது என்று சுக்குமா கீரை என்றேன். நேரத்துக்குக் கொஞ்சம் யோசித்தேன். ஐந்தரை என்றால் உத்தேசமாகத் தோன்றும். ஐந்தே முக்காலும் அப்படித்தான். ஐந்து நாற்பது என்று எழுதினேன். நாற்பதை நடந்ததிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

எழுதியதும் எனக்குத் திருப்தியாக இருந்தது. இதையும் பதிவு செய்கிறேன்.

* என் வேலை அனுமதி ஆகஸ்டில் முடிகிறது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் பண்ணை கையெழுத்துப் போட வேண்டும். மகளுக்கு இங்கே பள்ளியில் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இதைத் தகவலாகத்தான் சொல்கிறேன்.

 (இல்லை. காரணமாகத்தான் சொல்கிறேன்.)

8

முடிவுகள்.

அ. வியாழக்கிழமை காலை தொழில் அலுவலகத்தின் கதவு திறக்கிறது. கெமுந்தோ வருகிறாள். கறை போகாத தலைத்துணியை அதிகாரியின் மேசையில் விரிக்கிறாள்.

(அழகாக இருக்கிறது. என் வேலையை மூன்று பிள்ளைகளின் தாய் செய்கிறாள். அதனால்தான் எனக்கு அழகாகத் தெரிகிறது.)

ஆ. தொண்ணூற்றுநான்கு பெண்கள் கத்தரிகளைக் கீழே வைக்கிறார்கள். பலகையைக் கழற்றி —

(எழுதும்போது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியால்தான் நிறுத்தினேன்.)

இ. நலியாகாவை நீக்குகிறார்கள். பண்ணை வாசலுக்கு எதிரே அடுப்பு வைத்துச் சோளம் சுட்டு விற்கிறாள். இடது கையால் திருப்பிப் போடுகிறாள். கூடத்துப் பெண்கள் வாங்கித் தின்கிறார்கள். யாரும் அவளை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

(இதை நான் எழுத வேண்டியதில்லை. யாரும் எதுவும் செய்யாவிட்டால் இது தானாக வந்துவிடும்.)

ஈ. எழுத்தர் எழுந்து —

(இந்த வாக்கியத்தை ஒன்பது முறை தொடங்கிவிட்டேன். எழுந்து நிற்கிறார். எழுந்து தொண்டையைச் சரிசெய்கிறார். எழுந்து கதவை நோக்கி நடக்கிறார். எழுந்த பிறகு அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் கீழே உள்ளதைப் படித்துவிடுங்கள். இது இன்று மதியம் நடந்தது.)

9

ஜூன் இருபத்துநான்கு. பலகையில் 427. நாளை மறுநாள் வியாழக்கிழமை.

சாப்பாட்டு நேரத்தில் நலியாகா பதிவேட்டு அறைக்கு வந்தாள். கையில் படிவத்தின் நகல், நான்காக மடித்தது. சேபெட் அம்மாவின் அலுவலகத்தில் காலையில்தான் கொடுத்தார்களாம். நான் இந்தத் தாள்களை எழுதிக்கொண்டிருந்தேன். மூடி வைக்க நேரமில்லை.

"என்ன எழுதுறீங்க, முஹிந்தி?"

இங்கே எல்லோருக்கும் நான் முஹிந்தி. இந்தியன். பதினான்கு வருடத்தில் அது என் பெயராகிவிட்டது.

"கதை."

"யாரப் பத்தி?"

சொன்னேன். அவள் தாளை எட்டிப் பார்த்தாள். தமிழ் எழுத்துகளை முகம் சுளித்துப் பார்த்தாள்.

"எல்லாம் புழு மாதிரி இருக்கு. இதுல நான் எங்க இருக்கேன்?"

ஒரு வரியைக் காட்டினேன்.

"நல்லா இருக்கேனா?"

"இருக்கீங்க."

"வேலைல இருக்கேனா?"

"அத இன்னும் எழுதல."

"அப்ப சீக்கிரம் எழுதுங்க. வியாழக்கிழமை வந்துடும்." அவள் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். "கெமுந்தோ அக்கா வர மாட்டாங்க. அவங்கமேல எனக்குக் கோவம் இல்ல. இல்லேன்னு சொன்னா பொய். பைய அவங்கதான் தூக்குறாங்க, அதனால கோவத்த வெளிய காட்டல. கரியூகி வர மாட்டாரு. அந்த ரூம்ல இருந்தது இன்னும் ஒரு ஆளு."

நான் பேனாவை மூடினேன்.

"நான் வந்தா என்ன கேப்பாங்கன்னு தெரியாதே," என்றேன். கேவலமான பதில். மாற்றாமல் விடுகிறேன்.

"நான் கேக்குறேன். ஒத்திகை பாப்போம். பராக்கா பள்ளிக்கூடத்துல நாடகம் போடுறான், தினம் நான்தான் அவனுக்கு எதிர் வேஷம். சிங்கம், போலீஸ்காரன், எல்லாம் நான்தான்." இடது கையால் என் முத்திரைக் கட்டையை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள். "இப்ப நான் சேபெட் அம்மா. நீங்க சாட்சி. பேரு?"

சொன்னேன்.

"சத்தமா."

சத்தமாகச் சொன்னேன்.

"உங்க ஊர்ல எல்லாரு பேரும் இவ்வளவு நீளமா?"

"சேபெட் அம்மா இத கேக்க மாட்டாங்க."

"கேப்பாங்க. அவங்க அப்படித்தான். சாட்சி எதிர்த்துப் பேசக் கூடாது." நகலைப் பிரித்து மேசையில் வைத்தாள். "இந்தக் கையெழுத்து உங்களதா?"

"ஆமா."

"பிப்ரவரி நாலு, இந்தம்மாவ எங்க பாத்தீங்க?"

"ஆபீஸ் ரூம்ல. கரியூகி கூட்டிட்டு வந்தாரு. கைல துணி சுத்தியிருந்துச்சு."

"எத்தன மணி?"

"பத்து நாப்பது. ஒரு அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன."

"பாருங்க, எவ்வளவு சுலபமா வருது." அவள் ஒரு நொடி நலியாகாவாகச் சிரித்தாள். மறுபடி நிமிர்ந்தாள். "அந்தம்மா உங்கள என்ன எழுதச் சொன்னாங்க?"

"வீட்லன்னு எழுதச் சொன்னாங்க."

"அது என் தப்பு. நான் ஒத்துக்குவேன். பயப்படாம சொல்லுங்க. வேற என்ன சொன்னாங்க?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே இல்ல."

அவள் நகலைத் தன் பக்கம் திருப்பினாள். அன்று அவள் அதைப் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டாள். பிறகு மனிதவளப் பிரிவில் பார்த்தபோதும் "வீடு" என்ற சொல்லைத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது மேலிருந்து படித்தாள். வலது கட்டைவிரலை வரியின் கீழே வைத்துப் படித்தாள். மடங்காத விரல், ஒரு —

(இல்லை.)

விரல் பெயரைத் தாண்டியது. தேதியைத் தாண்டியது. மூன்றாவது கட்டத்தில் நின்றது. பிறகு ஐந்தாவது கட்டத்துக்குப் போய், மறுபடி மூன்றாவதற்கு வந்தது.

வெளியே சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. முத்திரைக் கட்டையை நகர்த்தி என் பக்கம் வைத்தாள்.

"அஞ்சரைக்கெல்லாம் நான் பண்ணை பஸ்சுல ஏறிடுவேன், முஹிந்தி. தினமும். பஸ்சுல யாராவது கீரை நறுக்குவாங்களா?"

நான் மேசையைப் பார்த்தேன். இப்போது கேட்பது சேபெட் அம்மாவா நலியாகாவா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"அஞ்சு நாப்பதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"